பதினாலு நாளும் இருபத்து மூன்று வீடும்

அக்கா "வேணாம்" என்று சொல்லி நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு தடவையும் சொல்லக்கூடாத இடத்தில் சொன்னார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் முதலில் வருகிறது. அழுகை அப்புறம்தான்.

மற்றபடி அவர் வாயில் எந்நேரமும் இருந்தது "வைங்க" என்கிற ஒரே சொல். கம்பத்தில் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு நாலு வீடு தள்ளி அவர் வீடு. முன்னறையில் தையல் மிஷின், கழுத்தில் அளவெடுக்கிற டேப். குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவீர்களா என்று நான் கேட்டிருக்கிறேன். ஏற்கெனவே பன்னிரண்டு ஜாக்கெட் வெட்டிப் போட்டபடி கிடக்கும். "நாளைக்குக் காலைல கல்யாணம்க்கா, இது ஒண்ணு மட்டும்" என்று துணியும் கையுமாக ஒருத்தி வந்து நிற்பாள். அக்கா தலையை நிமிர்த்தாமல் "வைங்க, பாத்துக்கிறேன்" என்பார். வெளியூர் போகிறவர்கள் வளர்ப்புக் கோழியைக் கூடையோடு கொண்டு வந்தாலும் "வைங்க"தான். அந்தக் கோழி அவர் வெட்டி வைத்த துணி மேல் போய் உட்காரும்.

ஒரு தடவை எங்கள் கடைக்கு வந்த மருந்துக் கம்பெனி ரெப் ஒருவர், அங்கே நின்ற அக்காவிடம் கைக்குழந்தைச் சோப்பு நாலு சாம்பிள் நீட்டினார். அக்கா வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டில் அவர் ஒற்றை ஆள். கணவர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. மகளைத் தேவதானப்பட்டியில் கட்டிக்கொடுத்து, பேரனே பள்ளிக்கூடம் போகிறான்.

"இது எதுக்குக்கா உங்களுக்கு? பச்சப்புள்ள எங்க இருக்கு வீட்டுல?" என்று கேட்டேன்.

"இம்புட்டுத் தூரம் வெயில்ல வந்து நீட்டுறாரு. வாங்கலன்னா மொகம் சுருங்கிப் போகும்ல தாயி."

இதுதான் அவருடைய வியாதி. சர்க்கரை, பிரஷர், முழங்கால் தேய்மானம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது என்று டாக்டர் சீட்டில் எழுதிக்கொடுத்த எல்லாம் இதற்குப் பிறகு வந்தவை.

அந்தக் கனத்த உடம்பைப் பார்த்து ஊர் நினைத்த மாதிரி அவர் தின்னி கிடையாது. இதை நான் யார் முன்னாலும் சொல்வேன். தனக்கென்று அவர் ஒரு முட்டை பொரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் நாலு வீட்டுக்குக் கிண்ணம் போகும். பெருநாளுக்கு அக்கா மாதிரி முஸ்லிம் வீடுகளிலிருந்து வரும், பொங்கலுக்கு எங்கள் வீடுகளிலிருந்து போகும். வாங்குகிறவர்கள் பாதியை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் கொட்டுவார்கள், அது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அக்காவுக்கு அது முடியாது. கொடுத்தவள் சாயங்காலம் வந்து "எப்பிடிக்கா இருந்துச்சு?" என்று கேட்பாள். பொய் சொல்ல அக்காவுக்கு வராது. "வெந்தயம் கொஞ்சம் தூக்கல், மத்தபடி அருமை" என்று சொல்ல வேண்டுமானால் சாப்பிட்டிருக்க வேண்டுமே! அதனால் எல்லா வீட்டுக் கிண்ணத்தையும் அவர் காலி செய்துதான் கழுவிக் கொடுப்பார்.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதற்குக் கூலி கிடையாது. பெண்கள் யாராவது மவுத்தாகிவிட்டால், அதாவது இறந்துவிட்டால், அந்த மய்யித்தைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி உடுத்த அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். உத்தமபாளையம், கோம்பையிலிருந்தெல்லாம் ஆட்டோ வரும். குனிய முடியாத நாளிலும் ஒரு முக்காலியை இடுக்கிக்கொண்டு போய்விடுவார்.

அப்படிப் போன ஒரு நாள், மத்தியானம் நேராகக் கடைக்கு வந்தார். முழங்காலுக்குத் தைலம் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். வாங்கியும் போகாமல் நின்றார். கடையில் அப்போது வேறு ஆள் இல்லை.

"இன்னைக்கிப் போன எடத்துல நல்ல கனத்த ஒடம்பு தாயி. ஆறு பேரு புடிச்சுத்தான் பொரட்ட முடிஞ்சது. கூட இருந்தவ ஒருத்தி சிரிச்சுட்டா. மய்யித்து முன்னால சிரிச்சுட்டா புள்ள."

"யாரு அவ? ஓங்கி நாலு அறை விட்டிருக்கணும்."

"சின்ன வயசு. வெளங்காமச் சிரிச்சுட்டா. அது போகட்டும். சந்தூக்குல வைக்கிறப்ப ஒரு கை உள்ள அடங்க மாட்டேங்குது. ஆம்பளைக மொகத்தத் திருப்பிக்கிட்டாக."

சந்தூக் என்பது மய்யித்தைத் தூக்கிப்போகிற பெட்டி. பள்ளிவாசலில் இருக்கும். பணக்காரருக்கும் அதுதான், ஏழைக்கும் அதுதான். அக்கா கழுத்திலிருந்த டேப்பைக் கையில் எடுத்தார்.

"வெறும் பெட்டி வாசல்ல கெடந்தப்ப அளந்து பாத்தேன். இருபத்தாறு இஞ்சு அகலம். எனக்கு அது காணுமா?"

சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, டேப்பின் ஒரு நுனியை என் கையில் கொடுத்தார். "இந்தத் தோளுலருந்து அந்தத் தோளுக்குப் புடி" என்றார். "போங்கக்கா, கிறுக்குப் புடிச்சுப்போச்சா!" என்று டேப்பைச் சுருட்டி அவர் கையிலேயே திணித்தேன்.

"மவுத்தப் பத்தி எனக்குப் பயமில்ல. நான் பாக்காத மவுத்தா? ஆனா என்னயத் தூக்குறவுக மூச்சு வாங்கி, நடு ரோட்டுல எறக்கி வச்சு, ஆளு போதாதுன்னு கூப்பிட்டு… அங்கன நின்னு பாக்குறவுக என்ன பேசுவாக? ஒருத்தி சிரிச்சுட்டா என்ன செய்வேன்? அப்ப என்னால எந்திரிச்சுப் போக முடியாதுல்ல தாயி."

சொல்லிவிட்டு அழுதார். தன் வீட்டுக்காரர் போனதற்கு அழுததைக்கூட நான் பார்த்ததில்லை. தைலத்தை வாங்கி மறுபடியும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தேன்.

அவருடைய தம்பி வளைகுடாவில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டோர் கீப்பர். இரைப்பையைச் சுருக்கித் தைக்கிற ஆபரேஷன் அங்கே செய்கிறார்கள், வேலை பார்க்கிறவர்களின் குடும்பத்துக்குச் சலுகை உண்டு, வந்துவிடு என்று ஒரு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சந்தூக்கை அளந்த வாரம்தான் அக்கா சரி என்றார்.

"மதுரையிலயே செய்யலாமேக்கா" என்று கேட்டேன்.

"மதுரையில படுத்தா வேன் புடிச்சு வந்துருவாகளே! பன்னும் ஆப்பிளுமா கட்டிலச் சுத்தி ஒக்காந்துக்கிட்டு எதுக்கு ஆபரேசன்னு கேப்பாக. தின்னு தின்னு வீங்கிட்டேன், அதான் வயித்த வெட்டிக்கிறேன்னா சொல்லுவேன்?"

ஆஸ்பத்திரியிலிருந்து முதலில் எடையைக் கேட்டார்கள். எங்கள் கடை மிஷின் நூற்றிருபதுக்கு மேல் காட்டாது, கோடு கோடாக மின்னிவிட்டு அணைந்துவிடும். அதனால் ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் ஓடைப்பட்டிக்குப் போனோம். அங்கே அவர் கணவர் வழியில் சொந்தக்காரர் ஒருவருக்குத் திராட்சை ஷெட் இருக்கிறது. ஜும்ஆவுக்கு ஆட்கள் போன நேரம் பார்த்து, பெட்டி எடை போடுகிற தராசு மேல் அக்கா ஏறி நின்றார். நான் வாசலில் காவல். நூற்று முப்பத்தெட்டு. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். இறங்குவதற்குள் தொழுகை முடித்து அந்தச் சொந்தக்காரர் வந்துவிட்டார். "வாங்க மதினி, பழம் கொண்டுபோங்க" என்று ஒரு பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார். அக்கா "வைங்க" என்றார். வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன், அவர் திராட்சையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தார்.

அப்புறம் இங்கிலீஷில் ஒரு தாள் வந்தது. வீட்டில் மகளுக்குக்கூடத் தெரியக்கூடாது என்று என்னிடம் கொண்டுவந்தார். நான் படித்துத் தமிழில் சொன்னேன். ஆபரேஷனுக்கு முன்னால் பதினாலு நாள் கெட்டியாக எதுவும் கூடாது. தண்ணீரில் கரைத்த புரதப் பொடி, மோர், வடிகட்டிய சூப், அவ்வளவுதான். இரைப்பைக்கு மேலே கல்லீரல் கிடக்கிறது. கொழுப்பு ஏறி வீங்கிய கல்லீரல் வழியை மறைக்கும். பதினாலு நாள் வாயைக் கட்டினால் அது சுருங்கும், டாக்டர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலையைப் பார்க்கலாம். சுருங்காவிட்டால் உள்ளே பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் அப்படியே மூடிவிடுவார்கள். அந்தக் கடைசி வரியை அக்காவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

"பதினாலு நாள்தான தாயி. முப்பது நாள் நோம்பு வைக்கிறவளுக்கு இது என்ன?" என்றார். பிறகு, "ஊருக்கு என்னான்னு சொல்றது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது நான்தான். மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே, பெரிய புத்திசாலி மாதிரி சொன்னேன். "இதுல என்ன இருக்கு? தம்பியப் பாக்கப் போறேன்னு சொல்லுங்க. பொய்யும் இல்ல, அங்க தம்பி இருக்காருல்ல."

"ஆமா, பொய் இல்லைல" என்று அக்காவும் சந்தோஷப்பட்டார்.

கம்பத்தில் அவர்கள் வீடுகளில் கடல் தாண்டிப் போகிற யாரும் சத்தமில்லாமல் கிளம்ப முடியாது. பயணம் சொல்லிக்கொள்ள வேண்டும். சொந்த பந்தம், பழகின வீடு என்று ஒவ்வொரு வாசலுக்கும் போய், "போய்ட்டு வர்றேன், துஆச் செய்ங்க, மனசு நோகும்படி ஏதும் பேசியிருந்தாப் பொறுத்துக்குங்க" என்று சொல்ல வேண்டும். அப்படி வந்தவரைச் சாப்பிட வைக்காமல் அனுப்புவது அந்த வீட்டுக்குக் கேவலம். சாப்பிடாமல் எழுந்து போனால் மனசில் ஏதோ வைத்துக்கொண்டு போகிறார் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில்தான் கிடக்கிறேன். வெளிநாடு போகிற ஒவ்வொருவரும் எங்கள் வீட்டுக்கும் வந்து சொல்லிவிட்டுத்தான் போவார்கள். தெரிந்திருந்தும் அந்த நேரத்தில் மண்டைக்கு உறைக்கவில்லை. ஆபரேஷன் என்று சொல்லியிருந்தால் ஊர் அழுதிருக்கும், நூறு கேள்வி கேட்டிருக்கும், ஆனால் ஒருத்தரும் சோறு போட்டிருக்க மாட்டார்கள். தம்பியைப் பார்க்கப் போகிறார் என்றதும் தெரு முழுக்க அடுப்பு பற்றிக்கொண்டது.

தினமும் காலையில் அக்கா கடைக்கு வந்து, நான் கரைத்துக் கொடுக்கிற பொடியை என் முன்னாலேயே குடித்துவிட்டுப் போவார். முகத்தைச் சுளித்ததில்லை. மூன்றாம் நாள் அவர் முந்தானையில் நெய்ச்சோற்று வாசம் அடித்தது.

"எங்கக்கா போனீக?"

"எதுத்த வீட்டு மாமிகிட்டப் பயணஞ் சொல்லப் போனேன்."

"சாப்ட்டீகளா?"

"ஒரு வாய்."

அந்த ஒரு வாய்க்கு நான் ஆடிய ஆட்டத்தில், அடுத்த நாளிலிருந்து அவர் எங்கே போகிறார் என்று என்னிடம் சொல்வதை நிறுத்திக்கொண்டார். நானும் அடங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். என் பேச்சுக்கு அவ்வளவு பலம் இருக்கிறதென்று எனக்கு ஒரு நினைப்பு.

ஒன்பதாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனால், வாசலில் அக்காவின் செருப்பு கிடக்கிறது. உள்ளே நாற்காலியில் அக்கா. அவருக்குக் கீழே உட்கார முடியாது என்று முன்னால் ஸ்டூல் போட்டு, அதன் மேல் வாழையிலை. சோறு, மீன் குழம்பு, வறுத்த மீன், பருப்பு, அப்பளம், ஓரத்தில் டம்ளர் நிறைய ஜவ்வரிசிப் பாயசம்.

"வாடி. நம்ம வீட்டுக் கறி அவுகளுக்கு ஆகாதுல்ல, அதான் அணை மீனு வாங்கியாரச் சொன்னேன்" என்றாள் அம்மா. முகமெல்லாம் பெருமை. "தெருவுல எல்லா வீட்டுலயும் சாப்புட்டாகளாம். நம்ம வீட்ட மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். பரீட்சையில் காப்பியடித்துப் பிடிபட்ட பிள்ளைக்கு வருமே, அந்த முகம். என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் கண்ணாலேயே கெஞ்சினார். அம்மாவுக்கு எதுவும் தெரியாது, தெரியவும் கூடாது என்று நானே சத்தியம் செய்து கொடுத்திருந்தேன்.

"ஏன்டி மரமாட்டம் நிக்கிற? எனக்கு இடுப்பு புடிச்சுக்கிருச்சு. அக்காவுக்குக் கொழம்பு ஊத்து."

நான் அசையவில்லை.

"நல்லா அள்ளி ஊத்துடி. அம்புட்டுத் தூரம் போறாக, இனி எப்ப வருவாகளோ."

ஊற்றினேன். சட்டியிலிருந்து கரண்டியில் அள்ளி, இரண்டு துண்டு மீனோடு, என் கையாலேயே ஊற்றினேன். அக்கா இலையைப் பார்த்தபடி மெதுவாக "வை தாயி" என்றார். பாயசம் வரைக்கும் மிச்சம் வைக்கவில்லை. அம்மா கேட்டதற்கு, புளி சரியாக இருக்கிறது, மீன் இன்னும் கொஞ்சம் மொறுமொறுவென்று வறுத்திருக்கலாம் என்றார்.

தெருமுனை வரைக்கும் கூடவே போனேன்.

"இதோட எத்தன வீடுக்கா?"

விரலை மடக்கி எண்ணினார். "ஒங்க வீட்டோட பதினாலு. இன்னும் ஒம்போது வீட்டுல கூப்பிட்டிருக்காக."

"இருபத்து மூணு வீடா! எதுக்காகப் போறோம்னு நெனப்பு இருக்கா ஒங்களுக்கு? மூடி அனுப்பிருவாகக்கா. அந்தப் பெட்டிய அளந்தீகளே, மறந்துபோச்சா?"

எனக்கே அந்தச் சொல் அதிகம் என்று தெரிந்தது. அக்கா முகம் வெளுத்துப்போய் நின்றார்.

"ஒரு நாள் மறக்கல தாயி. ஒவ்வொரு வாயும் அந்தப் பெட்டிய நெனச்சுக்கிட்டுத்தான் முழுங்குறேன். ஆனா எதுக்க நிண்டு 'சாப்புடுங்க'ங்குறப்ப என்னால முடியல. மொகத்தப் பாத்துட்டா முடியல. நீ குடுத்த பொடியக்கூட ஒரு நாள் விடலயே."

அது உண்மை. பொடியையும் விடவில்லை, விருந்தையும் விடவில்லை. என் முகமும் சுருங்கக்கூடாது, அவர்கள் முகமும் சுருங்கக்கூடாது. வீடு வீடாக நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வயிறு சரியில்லை என்றாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். ஒரு வீட்டில் சொல்லியும் பார்த்தாராம். "அப்ப லேசாக் கஞ்சி குடிங்க" என்று கொத்துக்கறியைப் போட்டுக் கஞ்சி காய்ச்சி வந்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து முதுகைத் தடவிவிட்டார்களாம்.

கொச்சியில் விமானம். குமுளி வழியாகப் போக வேன் வந்து நின்றபோது தெருவே வாசலில் நின்றது. அக்காவின் இரண்டு பெட்டியில் அவர் உடுப்பு மூன்றுதான். மீதி எல்லாம் அங்கே வேலை பார்க்கிற ஊர்ப்பிள்ளைகளுக்கு என்று ஆளாளுக்குக் கொடுத்த ஊறுகாயும் ஏலக்காயும் அல்வாவும். கிளம்புகிற நிமிஷத்தில்கூட ஒருத்தி ஒரு பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டினாள். "வைங்க" என்றார்.

கைப்பையில் மட்டும் ஒரு பொருளை எனக்குக் காட்டினார். பேன்ட் துணியை நாலு மடிப்பாக மடித்துத் தைத்து, இரண்டு முனையிலும் கொக்கி வைத்த ஒரு பட்டை. விமானத்து சீட் பெல்ட் எட்டாமல் போனால் மாட்டிக்கொள்ள அவரே தைத்தது. தையல் அவ்வளவு நேர்த்தி. அதைப் பார்த்தபோது, அல்லாவோ ஆண்டவரோ யாராவது இந்த ஒரு மனுஷிக்காகக் கல்லீரலைச் சுருக்கிவிடக்கூடாதா என்று வேண்டிக்கொண்டேன்.

பதினோரு நாள் கழித்துத் திரும்பி வந்தார். வந்த மறுநாள் கடையின் பின்னறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுச் சேலையை விலக்கினார். வயிற்றில் நாலு சின்னப் பிளாஸ்திரி.

"உள்ள பாத்துட்டு மூடிட்டாக தாயி."

நான் பிளாஸ்திரியைப் பிரித்தேன். காயம் சுத்தமாக ஆறியிருந்தது. ஆறுவதற்கு உள்ளே எதுவும் நடந்திருக்கவில்லையே.

"அந்த டாக்டரு நல்ல மனுசன். மலையாளத்துக்காரரு. ரெண்டு வாரம் என்ன சாப்புட்டீகன்னு கேட்டாரு. பொய் சொல்ல வரல, சொல்லிட்டேன். சிரிக்கல அவரு. தலையில கை வச்சுக்கிட்டாரு. ஆறு மாசம் கழிச்சு ஒழுங்கா வாங்க, செஞ்சு தர்றேன்னாரு."

"அப்ப ஆறு மாசத்துல போறோம்" என்றேன். எனக்கு உயிர் வந்தது மாதிரி இருந்தது. "இந்தத் தடவ நான் எந்தப் பொய்யும் கட்டித் தர மாட்டேன். ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போயி, அக்காவுக்கு ஆபரேசன், பச்சத்தண்ணி தவுர எதையும் நீட்டுனா நடக்கிறதே வேறன்னு சொல்லப்போறேன். போன தடவ என்ன ஆச்சுன்னும் சொல்றேன். எவ வர்றான்னு பாப்போம்."

அக்கா சேலையைச் சரி செய்தார். டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

"வேணாம்."

"என்னக்கா?"

"வேணாம் தாயி. நீ போயிச் சொன்னீனா, ஆத்தீ, நாம போட்ட சோத்தாலதான் இவளுக்கு இப்பிடி ஆச்சுன்னு இருபத்து மூணு வீடும் நெனைக்கும். ஒங்கம்மா அந்த மீன எம்புட்டு ஆசையா வறுத்துச்சு. அது மனசு என்ன பாடுபடும்? அத என்னால பாக்க முடியாது."

"அப்ப ஒங்க உசுரு?"

"பாத்துக்கிறேன்" என்றார்.

வருடக்கணக்கில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கலாம் அந்த "வேணாம்" என்கிற சொல்லை! ரெப்பிடம், திராட்சைக்காரரிடம், என் அம்மாவிடம். ஒருத்தரிடமும் வராத சொல், தன்னைக் காப்பாற்றத் துடித்த ஒருத்தியிடம் மட்டும் அவ்வளவு லேசாக வந்தது. நான் கோபத்தில் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அந்த ஒரு மாதத்தை இப்போது யார் எனக்குத் திருப்பித் தருவார்கள்?

ஆறு மாதம் ஆனது. தம்பி போன் செய்யும்போதெல்லாம் "அடுத்த மாசம் பாப்போம்" என்றார். எட்டாம் மாதம் ஒரு காலையில் தைத்த துணி வாங்க வந்தவள் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு எங்கள் கடைக்கு ஓடிவந்தாள். அக்கா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தூக்கத்தில் நின்று நின்று வந்த மூச்சு அன்றைக்குத் திரும்பி வரவில்லை.

குளிப்பாட்ட யாரையும் கூப்பிடவே இல்லை. பதினோரு பெண்கள் தாமாக வந்து நின்றார்கள். திரைக்கு வெளியே வாளி வாளியாகத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர்களோடு நானும் நின்றேன். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். யாராவது சிரித்தால் திரையைக் கிழித்துக்கொண்டு போய்விடுவேன் என்று நின்றேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. விசும்பல்தான் கேட்டது.

வாசலில் சந்தூக் இருந்தது. அதன் இரண்டு பக்கமும் புதுப் பலகை அடித்திருந்தது. ஊர் கூடும் முன்னே யாரோ ஆசாரியை அழைத்துப்போய்ச் சத்தமில்லாமல் அகலப்படுத்தி வைத்திருக்கிறார்கள். ஆக, அவர் எதை நினைத்துப் பயந்தாரோ அது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அந்தப் பலகையைப் பார்த்துத்தான் நான் வாய்விட்டு அழுதேன்.

எங்கள் கடை கபர்ஸ்தானுக்குப் போகிற வழியில் இருக்கிறது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசலில் நின்றேன். அவர்களில் மய்யித்துக்குத் தோள் கொடுப்பதை நன்மை என்பார்கள். ஓடி ஓடி வந்து தோள் கொடுத்து, நாலு அடி நடந்து, அடுத்தவருக்கு விட்டுவிடுவார்கள். அன்றைக்கு அந்த நாலு அடி கிடைக்காமல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது கூட்டம். எதிர்வீட்டு மாமியின் மகன், திராட்சை ஷெட்காரர், எங்கள் பக்கத்து ஆட்களும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினார்கள். யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. எங்கேயும் இறக்கி வைக்கவில்லை. பெட்டி கை மாறி மாறிக் கடையைத் தாண்டிப் போய்விட்டது. இத்தனை பேர் தோள் கொடுக்க இருந்தார்கள். பதினாலு நாள் சோறு போடாமல் சும்மா இருக்க ஒருத்தர் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"பயணம் போறப்ப நம்ம வீட்டுல எம் மக கையால வயிறார வாங்கித் தின்னுட்டுப் போனாக" என்று அம்மா அன்று முழுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது ஒரு ஆறுதல். நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன்.

மூன்றாம் நாள் ஓதி முடித்துவிட்டு, எதிர்வீட்டு மாமி கடைக்கு வந்தார். கண் வீங்கியிருந்தது. கையில் இலை வைத்துக் கட்டிய நெய்ச்சோற்றுப் பொட்டலம்.

"அக்கா பேருல ஓதுனது தாயி. மூணு நாளா நீ ஒண்ணும் சாப்புடலயாம்ல, ஒங்கம்மா சொன்னாக. ஒரு வாயாவது சாப்புடு."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் நிமிர்ந்தேன். பொடியை, தாளை, கல்லீரலை, மூன்றாம் நாள் முந்தானையில் அடித்த இதே வாசத்தை, எல்லாவற்றையும். மாமி பொட்டலத்தை நீட்டியபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வைங்க" என்றேன்.